மணலில் வழி தொலைத்த ஹெலிகாப்டரும் ஒரு பிஎச்.டி. இடமும்

2024 ஜனவரி 18. செவ்வாய்க் கிரகத்தின் ஜெசெரோ பள்ளத்தில் இன்ஜெனுவிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டர் 72ஆவது முறையாக மேலே எழும்பியது. எடை 1.8 கிலோ. ஐந்து தடவை பறந்து காட்டினால் போதும் என்று அனுப்பப்பட்டது, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பறந்துகொண்டிருந்தது. அன்று 12 மீட்டர் உயரம் போய்விட்டு இறங்கும்போது சுழலும் இறக்கைகள் உடைந்தன. அதோடு அதன் ஓட்டம் முடிந்தது.

மோட்டார் கெடவில்லை, பேட்டரியும் தீரவில்லை. கீழே இருந்த மணல்தான் காலை வாரியது. ஹெலிகாப்டரின் அடியில் ஒரு கருப்பு வெள்ளைக் கேமரா இருந்தது. அது தரையைப் படமெடுத்துக்கொண்டே போகும். படத்தில் கல், பாறை விளிம்பு என்று கண்ணில் படுகிற புள்ளிகளைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த படத்தில் அந்தப் புள்ளிகள் எவ்வளவு தள்ளிப் போயிருக்கின்றன என்று பார்த்து, தான் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடும். அன்று கீழே அலையலையாக வெறும் மணல். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கணக்கு பிசகியது, பக்கவாட்டு வேகம் இருப்பது தெரியாமலே மணல் சரிவில் போய் இடித்தது. பூமியிலிருந்து யாரும் கைகொடுத்திருக்க முடியாது. ரேடியோ செய்தி போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும்.

அடையாளம் இல்லாத தரையில் ஓர் எந்திரம் தான் இருக்கும் இடத்தை எப்படி அறியும்? எழுதினால் ஒரு வரி. இறங்கினால் நான்கு ஐந்து ஆண்டுகளை எளிதாக விழுங்கிவிடும். தன்னாட்சி ரோபோட்டிக்ஸில் முனைவர் பட்ட வாய்ப்புகள் என்று இணையத்தில் வரும் அறிவிப்புகளில் பெரும்பாலானவற்றைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் இப்படியொரு தோல்விதான் இருக்கும். ரோபோ எங்கோ தடுக்கி விழுந்திருக்கிறது. அதை நிமிர்த்த யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு மாணவருக்கு இடம். அந்த இடங்கள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துகொண்டால் அறிவிப்பைப் படிக்கிற விதமே மாறிவிடும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுவோம். எல்லா ரோபோவும் தன்னாட்சி ரோபோ ஆகிவிடாது. அறுவை சிகிச்சைக்கூடத்தில் டாவின்சி ரோபோவின் கைகளை ஆட்டுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர். கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்யும் கை, சொல்லிக்கொடுத்த பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போய்வருகிறது. தன்னாட்சி என்றால் மூன்று கேள்விக்கு எந்திரம் தானே பதில் தேட வேண்டும்: நான் எங்கே இருக்கிறேன், என்னைச் சுற்றி என்ன இருக்கிறது, அடுத்து என்ன செய்வது. இதில் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டாலும் அதற்கென்று தனி ஆய்வகங்களும் தனி மாநாடுகளும் இருக்கின்றன.

இந்தத் துறையில் மறக்க முடியாத ஆய்வேடுகளில் ஒன்று ஹான்ஸ் மொராவெக் ஸ்டான்ஃபோர்டில் செய்தது. நான்கு சக்கரம் வைத்த ஒரு வண்டி, மேலே டிவி கேமரா. வண்டி நின்ற இடத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்ந்து ஒன்பது படம் எடுக்கும். படங்களை ரேடியோ வழியே பெரிய கணினிக்கு அனுப்பும். கணினி யோசித்து, ஒரு மீட்டர் போ என்று சொல்லும். ஒவ்வொரு மீட்டருக்கும் 10 முதல் 15 நிமிடம். 1979இல் நாற்காலிகள் போட்ட ஓர் அறையை யாருடைய உதவியும் இல்லாமல் அது கடந்தது. ஐந்து மணி நேரம் ஆயிற்று. வெளியில் விட்டுப் பார்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. வண்டி அவ்வளவு மெதுவாகப் போனதால், அது யோசித்து முடிப்பதற்குள் சூரியன் நகர்ந்து நிழல்கள் இடம் மாறின. நிழலின் விளிம்பைப் பொருள் என்று குறித்து வைத்திருந்த வண்டி குழம்பிப் போனது. அன்று நிழல், 2024இல் மணல். இடையில் 45 ஆண்டுகள். அந்த ஹெலிகாப்டருக்குள் இருந்ததோ ஒரு செல்பேசிச் சிப். கணக்குப் போடும் வேகம் பல்லாயிரம் மடங்கு கூடிய பின்பும் கேள்வியின் வேர் அங்கேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், எல்லாம்தான் கண்டுபிடித்தாயிற்றே, இனி ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கும்போது எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வரும்.

சரி, இந்தத் துறைக்கு இடமும் பணமும் எங்கிருந்து வந்தன?

மொராவெக் பிறகு சேர்ந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபோட்டிக்ஸ் நிறுவனம் 1979இல் தொடங்கியது. ரோபோட்டிக்ஸுக்கென்றே ஒரு பிஎச்.டி. படிப்பு அங்கே 1988இல் வந்தது. அதற்கு முன் இதைச் செய்தவர்கள் கணினியியல், மின்னியல், இயந்திரவியல் என்று ஏதோ ஒரு துறையின் பெயரில் பட்டம் வாங்கினார்கள். இன்றும் பல இடங்களில் அப்படித்தான். அதனால் ரோபோட்டிக்ஸ் என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி இடங்கள் கண்ணில் படாமல் போகும். வேளாண் பொறியியல், கடல்சார் பொறியியல், சுரங்கவியல் துறைகளிலும் தன்னாட்சி ரோபோ ஆய்வு நடக்கிறது.

துறையையே திருப்பிப்போட்டது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுப் பிரிவான டார்பா நடத்திய போட்டிகள். 2004 மார்ச்சில் மொஹாவி பாலைவனத்தில் சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தை ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கடக்க வேண்டும் என்றார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக வழியில் நின்றன. அதிக தூரம் போனது கார்னகி மெலனின் வண்டி. அதுவும் 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே பாலைவனத்தில் 212 கிலோமீட்டரை ஐந்து வண்டிகள் முழுதாக ஓடி முடித்தன. ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி 7 மணி நேரத்துக்குள் முடித்து முதலில் வந்தது.

ஒன்றரை ஆண்டில் என்ன மாறியது? ஸ்டான்லி செய்த ஒரு தந்திரத்தை மட்டும் சொல்கிறேன். லேசர் சென்சார் கிட்டத்தில் இருக்கும் தரையைத் துல்லியமாக அளக்கும், தூரத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. கேமராவுக்குத் தூரம் தெரியும், ஆனால் எது ஓட்டத் தகுந்த தரை என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். லேசர், கிட்டத்தில் இந்தத் தரை சமமாக இருக்கிறது என்று சொன்னதும், அந்த இடம் படத்தில் என்ன நிறமாகத் தெரிகிறது என்று கேமரா கற்றுக்கொள்ளும். பிறகு அதே நிறம் தூரத்தில் தெரிந்தால் அங்கும் ஓட்டலாம், வேகத்தைக் கூட்டலாம். பாலைவனத்தில் தரையின் நிறம் மாறிக்கொண்டே இருந்தாலும் ஓட ஓடக் கற்றுக்கொண்டே போகும். அந்த மென்பொருளை முன்னின்று எழுதிய மைக்கேல் மான்டமெர்லோ, ரோபோ வரைபடம் போட்டுக்கொண்டே தன் இடத்தையும் கண்டுபிடிக்கும் ஸ்லாம் என்ற கணக்கில் கார்னகி மெலனில் ஆய்வேடு எழுதி முடித்திருந்தவர். எதிரணியான கார்னகி மெலனின் தொழில்நுட்பத் தலைவர் கிறிஸ் அர்ம்சன் 2005இல் அங்கேயே பிஎச்.டி. முடித்தவர், பிறகு கூகுளின் ஓட்டுநரில்லாக் கார் திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். போட்டி என்ற பெயரில் கேள்வியும் களமும் ஆட்களும் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள்.

ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, மனிதர் நுழைய முடியாத இடத்தில் கதவைத் திறக்கவும் வால்வைத் திருகவும் ரோபோ வேண்டும் என்று இன்னொரு போட்டி. 2015இல் தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழக அணி வென்றது. அடுத்தது நிலத்தடி. சுரங்கம், குகை, இருட்டு, தூசி, ரேடியோ தொடர்பு அறுந்துபோகும் சூழல். 2021 செப்டம்பரில் நடந்த இறுதிச் சுற்றில் ஒளித்து வைத்திருந்த 40 பொருள்களில் செர்பரஸ் அணியும் ஆஸ்திரேலிய அரசு ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் அணியும் தலா 23 பெற்றுச் சமமாக நின்றன. கடைசிப் புள்ளியை யார் முன்னதாக எடுத்தார்கள் என்று பார்த்து செர்பரஸுக்குப் பரிசு போனது. சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிக், நார்வேயின் என்டிஎன்யு, அமெரிக்காவின் நெவாடா ஆகிய பல்கலைக்கழகங்கள் எனப் பல இடத்து மாணவர்களின் உழைப்பு அது.

இதிலிருந்து விண்ணப்பிப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டிய தகவல் ஒன்று உண்டு: பணம் கொடுப்பவர்தான் பெரும்பாலும் கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறார். பாதுகாப்புத் துறை பணம் கொடுத்தால் குகையும் பாலைவனமும். வேளாண் நிதி வந்தால் களை எடுக்கும் ரோபோ. கிடங்கு நிறுவனம் கொடுத்தால் பெட்டி தூக்கும் கை. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் யாருடைய கேள்விக்கு நீங்கள் நான்கு ஆண்டு கொடுக்கிறீர்கள் என்பது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பு நிதியில் நடக்கும் திட்டங்களில் வெளிநாட்டு மாணவர்கள் சிலவற்றைத் தொடவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாய்ப்பின் வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் இது படிப்பு. பெரும்பாலும் டிசம்பரில் விண்ணப்பம், ஐந்து ஆறு ஆண்டுகள், முதல் இரண்டு ஆண்டில் வகுப்புகளும் தகுதித் தேர்வும், கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமோ வழிகாட்டியின் திட்டமோ ஏற்றுக்கொண்டு மாத உதவித்தொகையும் தரும். முதுகலை இல்லாமலும் சேரலாம். ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து போன்ற இடங்களில் இது வேலை. சம்பளம், ஒப்பந்தம், விடுமுறை எல்லாம் உண்டு, அறிவிப்பு ஆண்டு முழுக்க வரும், முதுகலை வேண்டும். ஜெர்மனியில் பொதுத்துறைச் சம்பள அட்டவணையில் இ13 என்ற படிநிலையில் அமர்த்துவார்கள், முழுநேரமா முக்கால் நேரமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். டென்மார்க்கில் மூன்று ஆண்டு, நெதர்லாந்தில் நான்கு, ஸ்வீடனில் கற்பித்தலும் சேர்ந்து ஐந்து வரை போகும். பிரிட்டனில் முனைவர் பயிற்சி மையம் என்று ஒரு முறை உண்டு: ஒரு குழுவாக மாணவர்களைச் சேர்த்து, முதல் ஆண்டில் பொதுப் பயிற்சி கொடுத்து, பிறகு தனித்தனித் தலைப்புக்கு அனுப்புவார்கள். எடின்பரோ, பிரிஸ்டல், ஆக்ஸ்ஃபோர்டு, லிங்கன் ஆகிய இடங்களில் ரோபோவுக்கென்று அப்படி மையங்கள் இயங்கியிருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல நாட்டு ஆய்வகங்களும் நிறுவனங்களும் கூட்டாக ஒரு தலைப்பை எடுத்து, மாணவர்களைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு விதி பலரைத் தட்டிவிடும்: வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கவோ முதன்மையாக வேலை பார்த்திருக்கவோ கூடாது. முதுகலைக்காக ஒரு நாட்டுக்குப் போய் இரண்டு ஆண்டு தங்கியவர் அதே நாட்டில் இந்த இடத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் போவது இதனால்தான். பக்கத்து நாட்டு ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை.

இப்போது எங்கே கூட்டம் அதிகம் என்றால், கற்றல்வழி ரோபோக்களில். பெரிய மொழி மாதிரிகளைப் போல ரோபோவுக்கும் ஒரு பொது மாதிரி வேண்டும் என்ற ஆசை. சிக்கல் என்னவென்றால், எழுத்து இணையம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. கப்பை எடுத்து வைக்கும் கையின் அசைவு எங்கும் கொட்டிக் கிடக்கவில்லை. 2023இல் 21 நிறுவனங்கள் சேர்ந்து 22 வகை ரோபோக்களிடமிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அசைவுப் பதிவுகளைத் திரட்டி வெளியிட்டன. ரோபோ உலகில் அது பெரிய குவியல், மொழி மாதிரிகளின் தீனியோடு ஒப்பிட்டால் சிட்டிகை. இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டுவது என்பதில் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. என் கருத்து, மறுப்பவர்கள் உண்டு: தரவையும் கணினியையும் குவித்தால் தானாகத் தீர்ந்துவிடும் கேள்வியை ஒரு தனி மாணவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஏதாவது ஒரு பெரிய கம்பெனி அதை முடித்துவிட்டு வீடியோ போட்டுவிடும்.

சிமுலேஷனில் கற்றதை நிஜ ரோபோவுக்கு மாற்றுவது அப்படிப்பட்டதல்ல. கணினிக்குள் நாலு கால் ரோபோ ஆயிரம் முறை விழுந்து எழுந்து நடை பழகிவிடும். வெளியே கொண்டுவந்து தரையில் விட்டால் தள்ளாடும். காரணம், நிஜ மோட்டார் சொன்னவுடன் சொன்னபடி திரும்பாது. உராய்வு, தாமதம், சூடு, பல்சக்கரத்தின் இடைவெளி என்று பல. 2019இல் ஈடிஹெச் சூரிக் குழு அனிமல் என்ற நாலு கால் ரோபோவில் செய்ததைப் பாருங்கள். மோட்டாரின் இயற்பியலைச் சமன்பாடாக எழுதித் திண்டாடாமல், நிஜ மோட்டாரை ஆட்டி அளந்து, அந்த அளவீட்டில் ஒரு சிறு நியூரல் வலையைப் பழக்கி, அதையே சிமுலேஷனுக்குள் மோட்டாராக வைத்தார்கள். ரோபோ வேகமாக நடந்தது, உதைத்துத் தள்ளினால் தானே எழுந்து நின்றது. 2023இல் சூரிக் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட் டிரோன் மூன்று மனித சாம்பியன்களோடு மோதிய 25 பந்தயங்களில் 15இல் வென்றதற்குப் பின்னாலும் இதே போன்ற யோசனைதான்: சிமுலேஷன் எங்கெல்லாம் பொய் சொல்கிறது என்று நிஜப் பறப்பில் அளந்து திருத்தினார்கள். இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ரோபோ கையில் இருக்க வேண்டும், பொறுமை இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரே இடம் காலத்தோடு மாறுவது. அறிவிப்பில் நீண்டகாலத் தன்னாட்சி என்று எழுதியிருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு 2014 மே முதல் 2015 டிசம்பர் வரை ஊருக்குள் ஒரே பாதையில் காரை நூறு தடவைக்கு மேல் ஓட்டிப் பதிவுசெய்தது. மழை, இரவு, பனி, வெயில், சாலைப் பணி. அதே தெரு நூறு முகத்தோடு தெரிகிறது. கோடையில் போட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் இது எந்தத் தெரு என்று ரோபோ கண்டுபிடிக்குமா என்பது இன்றைக்கும் முழுதாகத் தீராத கேள்வி. பாதுகாப்பை நிரூபிப்பது, பல ரோபோக்கள் பேசிக்கொள்வது, கடலடியில் ஜிபிஎஸ் இல்லாமல் போவது, இவற்றுக்கும் இடங்கள் வருகின்றன. கடலடிக்குக் கூட்டம் குறைவு. ஈரமும் உப்பும் பலருக்குப் பிடிப்பதில்லை.

உள்ளே போனால் நாள் எப்படி ஓடும்? சேரும் முன் இதை யாரும் சொல்வதில்லை. ஓர் உதாரணம். ரோபோவில் கேமராவும், லேசர் கதிரால் தூரம் அளக்கும் லைடாரும் இருக்கின்றன. இரண்டும் தங்கள் பதிவுகளில் நேரம் குறிக்கின்றன. ஒன்றின் கடிகாரம் மற்றதைவிட 20 மில்லி விநாடி பின்தங்கியிருக்கிறது என்று வையுங்கள். ரோபோ நின்றிருக்கும்போது ஒன்றும் தெரியாது. அது விநாடிக்கு 90 பாகை வேகத்தில் திரும்பினால் அந்த 20 மில்லி விநாடியில் 1.8 பாகை திரும்பிவிடும். 10 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பம் வரைபடத்தில் 30 சென்டிமீட்டர் இடம் மாறி விழும். மாணவர் தன் அல்காரிதம் தப்பு என்று நினைத்து மூன்று வாரம் சமன்பாட்டைத் திருத்துவார். நேராகப் போனால் சரியாக வருகிறது, திரும்பினால்தான் கெடுகிறது என்று ஒரு நாள் உறைக்கும்போது குற்றவாளி கடிகாரம் என்று தெரியவரும். ரோபோட்டிக்ஸ் ஆய்வில் கணிசமான காலம் இப்படித்தான் கழிகிறது. இதை ரசிக்க முடியாதவர்கள் கோட்பாட்டுப் பக்கம் போகலாம். அங்கும் நல்ல இடங்கள் உண்டு.

அதனால்தான் அறிவிப்புகளில் சி++, பைத்தான் நிரல்மொழிகளும், ராஸ் 2 என்ற ரோபோ மென்பொருள் தொகுப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ராஸ் முதல் தலைமுறையின் கடைசிப் பதிப்புக்கு ஆதரவு 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டது. பழைய பயிற்சிப் பாடங்களை வைத்துப் படித்தவர்கள் ஒரு மாதம் ஒதுக்கிப் புதியதற்கு மாறிவிடுவது நல்லது. கணிதத்தில் நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் கைப்பழக்கத்தில் இருக்க வேண்டும். கட்டுரை வெளிவந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு சிறிய ரோபோவை நிஜமாக ஓடவைத்து, அது எங்கே தோற்றது என்று நேர்மையாக எழுதிய நாலு பக்கம் போதும். வெற்றி வீடியோக்களைப் பார்த்துச் சலித்த பேராசிரியர்கள் தோல்வி அறிக்கையை நின்று படிப்பார்கள். பேராசிரியருக்குக் கடிதம் எழுதும்போது அவருடைய கட்டுரை எதையாவது படித்து, அதில் சோதனை செய்யாமல் விட்ட சூழல் ஒன்றைக் குறிப்பிட்டுக் கேள்வி கேளுங்கள். உலகப் புகழ்பெற்ற தங்கள் ஆய்வகத்தில் என்று தொடங்கும் கடிதம் ஒரு நாளைக்குப் பத்து வருகிறது.

குழுவை எடைபோட, ஐக்ரா, ஐராஸ், ஆர்எஸ்எஸ், கோர்ல் ஆகிய ரோபோட்டிக்ஸ் மாநாடுகளின் கட்டுரைகளில் அவர்களுடைய மாணவர்களின் பெயர் முதலில் வருகிறதா என்று பாருங்கள். முடித்துப் போனவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எங்கே போனார்கள் என்று பாருங்கள். நிறுவனம் பணம் கொடுக்கும் இடமென்றால், கட்டுரை வெளியிட யாருடைய அனுமதி வேண்டும், நிரல் யாருக்குச் சொந்தம் என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். ஆறு பேருக்கு ஒரு ரோபோ என்றால் மாநாட்டுக் கெடு நெருங்கும் வாரத்தில் அது உங்கள் கைக்கு வராது. ஆகவே எத்தனை ரோபோ, கெட்டால் பழுதுபார்க்கத் தனி ஆள் உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்விகள்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

நேர்காணலின்போது அங்கே இருக்கும் மாணவர்களோடு பேச அரை மணி நேரம் தருவார்கள். அவர்களிடம், உங்கள் ரோபோ கடைசியாக எப்போது ஓடியது, எதில் முட்டி நின்றது என்று கேட்டுப் பாருங்கள். யோசித்து, போன வருடக் கோடையில் என்று யாராவது சொன்னால் அங்கே எல்லாம் திரையில்தான் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை, தாழ்வாரத்துக் கண்ணாடிக் கதவில், லைடார் கதிர் கண்ணாடியை ஊடுருவிப் போனதால் வழி திறந்திருக்கிறது என்று நினைத்துவிட்டது, மூக்கு நசுங்கிவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வியையும் அவரிடமே கேளுங்கள்: அந்தக் கதவை யார் கவனிக்கிறார்கள்?